மிதக்கும் காற்றாலை எப்படி நிற்கிறது? ஸ்காட்லாந்துக் கரையிலிருந்து ஒரு விளக்கம்

ஸ்காட்லாந்தின் வடகிழக்கு ஓரத்தில் பீட்டர்ஹெட் என்றொரு மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. ஐக்கிய அரசிலேயே அதிக மீன் வந்து இறங்கும் துறை அதுதான். அங்கிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் கடலுக்குள் போனால் ஐந்து காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்கும். ஒவ்வொன்றும் 6 மெகாவாட். கடலில் காற்றாலை வைப்பது புதிதல்ல, டென்மார்க்கில் 1991-லேயே வைத்துவிட்டார்கள். இந்த ஐந்தின் விசேஷம், அவற்றுக்குக் கடலடியில் அஸ்திவாரம் கிடையாது. சுமார் 100 மீட்டர் ஆழத் தண்ணீரில், அதாவது மீனவர் கணக்கில் 55 பாகம் ஆழத்தில், மிதந்துகொண்டே மின்சாரம் தருகின்றன. ஹைவிண்ட் ஸ்காட்லாந்து என்று பெயர். 2017 அக்டோபரில் திறக்கப்பட்ட இதுதான் உலகின் முதல் மிதக்கும் காற்றாலைப் பண்ணை. நார்வேயின் ஈக்வினார் நிறுவனமும் அபுதாபியின் மஸ்தாரும் சேர்ந்து அமைத்தவை.

இதைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. காற்றாலையை மிதக்கவைக்கும் வித்தை ஏறக்குறைய கைவந்துவிட்டது. பாக்கி இருக்கும் சிக்கலில் பெரும்பகுதி கரையில் இருக்கிறது: துறைமுகத்தில், மின்தடத்தில், மீனவரின் வலையில், யூனிட் விலையில். முதலில் கடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுக் கரைக்கு வருவோம்.

அவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும்?

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகப் போனவர்களுக்குத் தெரியும், காற்று எல்லா இடத்திலும் ஒன்றுபோல் வீசாது. கணவாய் வழியாகப் பிதுங்கி வரும் இடத்தில்தான் காற்றாலைகள் நெருக்கியடித்து நிற்கும். காரணம் ஒரு எளிய கணக்கு. காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் (வேகம் × வேகம் × வேகம்) கூடும். வேகம் வினாடிக்கு 8 மீட்டரிலிருந்து 10 மீட்டராக ஏறினால் கால் பங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். அதனால்தான் காற்று கொஞ்சம் பலமாக வீசும் இடத்துக்காக இவ்வளவு தொலைவு அலைகிறார்கள்.

திறந்த கடலில் மலை இல்லை, மரம் இல்லை, கட்டடம் இல்லை. காற்று வேகமாகவும் சீராகவும் வீசும். ஒரு காற்றாலை வருடம் முழுக்க நிற்காமல் முழு வேகத்தில் ஓடினால் எவ்வளவு மின்சாரம் தருமோ, அதில் உண்மையில் எத்தனை சதவீதம் தந்தது என்பதை வைத்துத்தான் அதன் தரத்தை அளப்பார்கள். ஐக்கிய அரசின் கடல் காற்றாலைகளில் இந்த அளவு சராசரியாக 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஹைவிண்ட் ஸ்காட்லாந்து தன் முதல் சில ஆண்டுகளில் சராசரியாக 54 சதவீதம் தந்தது. 30 மெகாவாட் பண்ணைக்கு அது ஆண்டுக்குச் சுமார் 14 கோடி யூனிட். வடகடலில் காற்று பலமாக வீசுவது குளிர்காலத்தில். ஸ்காட்லாந்து வீடுகளுக்கு மின்சாரம் அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான்.

காற்று நன்றாக இருந்தும், கடலடியில் கால் ஊன்றும் காற்றாலையை எல்லா இடத்திலும் வைக்க முடியாது. அதற்கு ஒரு பெரிய எஃகுக் குழாயைக் கடலடித் தரையில் அறைந்து இறக்கி, அதன் மேல் கோபுரத்தை நிறுத்துவார்கள். சுமார் 60 மீட்டர் ஆழம் வரை இது கட்டுப்படியாகும். அதற்கு மேல் போனால் குழாயின் நீளமும் தடிமனும் எடையும் ஏறி, செலவு எகிறிவிடும். வடகடலின் தெற்குப் பகுதி ஆழம் குறைந்தது. இங்கிலாந்து, நெதர்லாந்து, டென்மார்க் எல்லாம் அங்கே வரிசையாகக் காற்றாலை நட்டது அதனால்தான். வடக்கே ஸ்காட்லாந்துப் பக்கம் வந்தால் கடல் சீக்கிரமே ஆழமாகிவிடுகிறது. நார்வே, போர்ச்சுகல், ஜப்பான், கலிஃபோர்னியா எல்லாருக்கும் இதே நிலைமைதான். ஐரோப்பாவின் கடல் காற்று வளத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் 60 மீட்டருக்கு மேல் ஆழமான கடலில் இருக்கிறது என்று அந்தத் துறையினர் கணக்கிடுகிறார்கள். அத்தனையும் மிதவை இல்லாமல் கைக்கு எட்டாதது.

நம் பக்கத்து நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாவிலும் கன்னியாகுமரியை ஒட்டியும் கடல் காற்றாலைக்கென்று பகுதிகளை இந்திய அரசு அடையாளம் கண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 500 மெகாவாட், குஜராத்தில் 500 மெகாவாட் அமைக்க 7,453 கோடி ரூபாய் மதிப்பிலான உதவித் திட்டத்துக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அங்கெல்லாம் ஆழம் குறைவு என்பதால் பேச்சு கடலடியில் ஊன்றும் காற்றாலை பற்றித்தான். மிதவை நமக்கு இன்னும் ஒரு படி தள்ளியிருக்கிறது. ஆனால் துறைமுகம், மீன்பிடி, மின்தடம் பற்றிக் கீழே வருவதில் பெரும்பகுதி இரண்டு வகைக்கும் பொருந்தும்.

கவிழாமல் மிதப்பது எப்படி?

சிக்கல் என்னவென்று முதலில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஹைவிண்டின் விசிறி 154 மீட்டர் விட்டம் கொண்டது. அதன் மையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பலமான காற்று அந்த விசிறியைப் பின்னால் தள்ளும் விசை நூறு டன் அளவில் இருக்கும். நூறு மீட்டர் உயரத்தில் நூறு டன் தள்ளினால் எந்த மிதவையும் கவிழப் பார்க்கும். கூடவே அலை, நீரோட்டம் எல்லாம் உண்டு. 2017 டிசம்பரில் அடித்த கேரொலைன் புயலில் இந்த இடத்தில் எட்டு மீட்டருக்கு மேல் அலை எழும்பியது. காற்றாலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கவிழாமல் இருக்க மூன்று வழிகள் வழக்கத்தில் இருக்கின்றன.

முதல் வழி ஹைவிண்டுடையது. நீண்ட எஃகு உருளை ஒன்று கடலுக்குள் செங்குத்தாக 78 மீட்டர் இறங்கியிருக்கும். அதன் அடியில் இரும்புத்தாதுவை ஆயிரக்கணக்கான டன் கொட்டி நிரப்பியிருப்பார்கள். காற்றாலை, உருளை, உள்ளே நிரப்பியது எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 12,000 டன். அந்த எடையின் பெரும்பகுதி அடியில் இருக்கிறது. அடி கனத்த தஞ்சாவூர் பொம்மையை எவ்வளவு சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும் அல்லவா, அதே சங்கதிதான். எடையின் மையம், தண்ணீர் மேலே தள்ளும் விசையின் மையத்துக்குக் கீழே இருப்பதால், சாய்ந்த உருளை தானே நிமிர்கிறது. இதற்கு ஸ்பார் மிதவை என்று பெயர்.

இரண்டாவது, அகலத்தை நம்பும் வழி. மூன்று தூண்களை முக்கோணமாக, ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி நிறுத்தி, எஃகுக் குழாய்களால் இணைத்துவிடுவார்கள். ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்துத் தூண் தண்ணீரில் அமிழும், உடனே தண்ணீர் அதை மேலே தள்ளும். எதிர்ப்பக்கத் தூண் மேலே எழும்பி எடையாக இறங்கப் பார்க்கும். இரண்டும் சேர்ந்து மிதவையை நிமிர்த்திவிடும். பாதி மூழ்கிய மிதவை என்று இதைச் சொல்லலாம். ஸ்காட்லாந்திலேயே அபர்தீன் நகரிலிருந்து 15 கிலோமீட்டர் தொலைவில், 60 முதல் 80 மீட்டர் ஆழத்தில் இருக்கும் கின்கார்டைன் பண்ணை இந்த வகை. 2021-ல் நிறைவடைந்தது. அதில் ஐந்து காற்றாலைகள் தலைக்கு 9.5 மெகாவாட், கூட 2 மெகாவாட்டில் ஒன்று. போர்ச்சுகலின் வியானா டோ காஸ்டெலோ கரையில் 2020-லிருந்து ஓடும் விண்ட்ஃப்ளோட் அட்லாண்டிக்கும் இதே குடும்பம்.

மூன்றாவது வழியில், மிதவை தன் எடைக்குத் தேவையானதைவிட அதிகமாக மிதக்கப் பார்க்கும். அதை விறைப்பான கம்பிகளால் கடலடியோடு கட்டிக் கீழே இழுத்து வைத்திருப்பார்கள். மேலே போகத் துடிப்பதும் கீழே இழுப்பதும் சமமாகி, மிதவை ஆடாமல் நிற்கும். பிரான்சின் மார்சேய் பக்கம் இருக்கும் புரோவான்ஸ் கிராண்ட் லார்ஜ் பண்ணையில் மூன்று காற்றாலைகளை இப்படி நிறுத்தியிருக்கிறார்கள். மிதவை சிறிதாக இருக்கும், கடலில் அதிக இடம் அடைக்காது. கம்பி அறுந்தால் ஆபத்து, பொருத்துவதும் கடினம்.

மிதக்கும் எதற்கும் ஒரு இயல்பான ஆட்ட நேரம் உண்டு. ஒருமுறை சாய்த்துவிட்டால் போய்த் திரும்ப எத்தனை வினாடி ஆகிறது என்பதே அது. கடல் அலைகள் பெரும்பாலும் 5 முதல் 20 வினாடிக்கு ஒருமுறை வரும். மிதவையின் ஆட்ட நேரமும் அதுவாகவே அமைந்துவிட்டால் ஒவ்வொரு அலையும் ஆட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகும். அதனால் ஸ்பார் வகையை 30 வினாடி அளவில் மெதுவாக ஆடும்படி வடிவமைக்கிறார்கள். அலைகள் வந்து போய்க்கொண்டே இருக்கும், உருளை அவற்றைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது.

இன்னொரு சிக்கலைச் சற்று நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் மிக அழகாகத் தீர்க்கப்பட்ட பிரச்சினை இதுதான் என்று நினைக்கிறேன். காற்று அளவுக்கு மீறி வீசும்போது, எல்லாக் காற்றாலைகளும் இறக்கைகளைத் தம் அச்சில் கொஞ்சம் திருப்பி, அதிகப்படிக் காற்றை நழுவவிட்டுவிடும். மின்சாரம் 6 மெகாவாட்டைத் தாண்டாமல் இருக்க அது வேண்டும். தரையில் நிற்கும் காற்றாலையில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. மிதக்கும் காற்றாலை முன்னும் பின்னும் ஆடுகிறது. அது காற்றை எதிர்த்து முன்பக்கம் சாயும்போது, இறக்கைக்கு மட்டும் காற்று கூடியதுபோல் தெரியும். உடனே கணினி, காற்று கூடிவிட்டது என்று நினைத்து இறக்கையைத் திருப்பிவிடும். விசிறியைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்த விசை அந்தக் கணமே குறையும். முன்பக்க ஆட்டத்தைத் தடுத்திருக்க வேண்டிய விசை அதுதான்! தடை போனதால் இன்னும் அதிகமாக முன்னால் சாயும். பின்னால் வரும்போது இதற்கு நேர்மாறாக நடக்கும். இப்படியே ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டம் வளரும். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், தன் வேலையைச் சரியாகச் செய்கிற கணினியே காற்றாலையைக் கவிழ்க்கப் பார்க்கும்.

மிதவையின் ஆட்டத்தையும் அளந்து, காற்று உண்மையில் கூடியிருக்கிறதா அல்லது தான் ஆடுவதால் அப்படித் தெரிகிறதா என்று பிரித்துப் பார்த்து இறக்கையைத் திருப்பும்படி கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றி எழுதினார்கள். நார்வேயின் கார்மோய் தீவுக்கு அப்பால் 2009-ல் நிறுத்திய ஒற்றை 2.3 மெகாவாட் மாதிரியில்தான் இதைப் பல ஆண்டு சோதித்துப் பார்த்தார்கள். ஒரு டன் எஃகுகூடச் சேர்க்காமல் தீர்ந்த பிரச்சினை.

இடம் விட்டு நகராமல் பிடித்து வைப்பது நங்கூரத்தின் வேலை. ஹைவிண்டின் ஒவ்வொரு காற்றாலைக்கும் மூன்று சங்கிலி, மூன்று நங்கூரம். அந்த நங்கூரம் நாம் கப்பலில் பார்க்கும் கொக்கி வடிவம் அல்ல. 5 மீட்டர் விட்டமும் 16 மீட்டர் உயரமும் கொண்ட, கவிழ்த்துவைத்த எஃகு உருளை. அதைக் கடலடிச் சேற்றில் இறக்கி, உள்ளே இருக்கும் தண்ணீரை பம்பு வைத்து வெளியேற்றுவார்கள். வெளியில் இருக்கும் கடலின் அழுத்தமே அதைச் சேற்றுக்குள் அமுக்கிவிடும். அடிக்கும் சம்மட்டி கிடையாது. குழாயை அறைந்து இறக்கும்போது எழும் சத்தம் ஓங்கில்களைத் துரத்தும் என்ற கவலை ஊன்றும் காற்றாலைகளில் பெரிய விஷயம். இங்கே அந்தச் சத்தம் இல்லை.

மின் கேபிளும் ஆடும். மிதவை அசையும்போது கேபிள் இழுபட்டு முறியாமல் இருக்க, நடுவில் மிதவைத் துண்டுகளைக் கட்டி, தண்ணீருக்குள் வளைந்து எழும்பி இறங்கும்படி தொங்கவிடுகிறார்கள். அந்த வளைவில் இருக்கும் தளர்வு ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும். பிறகு கேபிள் கடலடியில் படுத்து, பீட்டர்ஹெட் கரைக்கு வந்து சேர்கிறது.

துறைமுகம்தான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது

கடலில் ஊன்றும் காற்றாலையைக் கடலிலேயே பூட்டவேண்டும். மிதக்கும் காற்றாலையைக் கரையில் பூட்டி, இழுத்துக்கொண்டு போய்விடலாம். இதன் பெரிய லாபம் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். எந்தக் கரையில் பூட்டுவது என்பதில்தான் சிக்கல்.

ஹைவிண்ட் கட்டிய கதையைப் பாருங்கள். உருளைகள் ஸ்பெயினில் செய்யப்பட்டன. அவற்றைப் படுக்கை வசமாகக் கப்பலில் ஏற்றி நார்வேயின் ஸ்டூர்ட் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தண்ணீரில் இறக்கி, உள்ளே கடல்நீரை விட்டு மெல்ல நிமிர்த்தி, பிறகு தாதுவைக் கொட்டினார்கள். கோபுரமும் இயந்திரமும் மூன்று இறக்கைகளும் தரையில் முழுசாகப் பூட்டப்பட்டன. சைபெம் 7000 என்ற ராட்சத மிதவைக் கிரேன், பூட்டிய காற்றாலையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, மிதந்துகொண்டிருக்கும் உருளையின் தலையில் உட்கார வைத்தது. தூக்குவதும் மிதக்கிறது, வாங்கிக்கொள்வதும் மிதக்கிறது. அங்குலம் பிசகாமல் போல்ட் துளைகள் பொருந்தவேண்டும். ஐந்து முறை இதைச் செய்து முடித்து, 2017 கோடையில் இழுவைக் கப்பல்கள் ஒவ்வொன்றாக வடகடலைக் கடந்து பீட்டர்ஹெட்டுக்கு இழுத்து வந்தன.

ஏன் நார்வே? 78 மீட்டர் ஆழத்துக்குத் தொங்கும் பொருளை நிமிர்த்த, கரையை ஒட்டியே ஆழமாகவும் அலை இல்லாமலும் தண்ணீர் வேண்டும். நார்வேயின் மலை இடுக்குக் கடல்களில் அது இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இல்லை. ஸ்காட்லாந்துக் கடலில் ஓடும் காற்றாலையை ஸ்காட்லாந்தில் பூட்ட முடியவில்லை என்பதன் காரணம் இவ்வளவுதான். கின்கார்டைன் பண்ணையிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. மிதவைகள் ஸ்பெயினின் ஃபெரோல் பக்கம் கட்டப்பட்டு, ராட்டர்டாமில் காற்றாலை ஏற்றப்பட்டு, அங்கிருந்து இழுத்து வரப்பட்டன.

முக்கோண மிதவைக்குத் துறைமுகத்தில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம் இருந்தாலே போதும். அதனால் எதிர்காலப் பண்ணைகளில் பல அந்த வகைக்குச் சாய்கின்றன. கடலுக்கு எது நல்லது என்பதைப் போலவே துறைமுகத்துக்குள் எது நுழையும் என்பதும் வடிவத்தை முடிவு செய்கிறது.

பழுது பார்ப்பதிலும் இதே கதைதான். ஹைவிண்டின் காற்றாலைகளில் பிரதான பேரிங்கை மாற்ற வேண்டி வந்தது. அவ்வளவு பெரிய பாகத்தை, ஆடும் காற்றாலையிலிருந்து ஆடும் கப்பல் கிரேனால் கழற்றுவது எளிதல்ல. 2024-ல் ஐந்தையும் நங்கூரத்திலிருந்து அவிழ்த்து, நார்வேயின் குலென் பகுதிக்கு இழுத்துப் போய், வேலை முடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கின்கார்டைன் காற்றாலைகளும் பழுதுக்காக ராட்டர்டாமுக்கு இழுத்துப் போகப்பட்டிருக்கின்றன. அவிழ்த்து இழுத்துப் போகலாம் என்பது வசதிதான். ஆனால் அத்தனை நாளும் மின்சாரம் இல்லை, இழுவைக் கப்பல் வாடகை உண்டு, நல்ல வானிலைக்காகக் காத்திருக்கவும் வேண்டும்.

இப்போது அளவைப் பாருங்கள். 2022 ஜனவரியில் ஸ்காட்விண்ட் என்ற பெயரில் கடலடி குத்தகை ஏலம் முடிந்தது. முதலில் 17 திட்டங்கள், ஒப்பந்தக் கட்டணம் மட்டும் ஏறக்குறைய 70 கோடி பவுண்டு. பிறகு மூன்று சேர்ந்து 20 திட்டங்களாகி, மொத்தத் திறன் 27.6 கிகாவாட் ஆனது. அதில் பாதிக்கு மேல் மிதப்பவை. சுமாராக 15 கிகாவாட் என்று வைத்துக்கொண்டு, 15 மெகாவாட் இயந்திரமாகப் போட்டால் ஆயிரம் காற்றாலைகள். தலைக்கு மூன்று என்றால் மூவாயிரம் நங்கூரம். வாரத்துக்கு ஒரு காற்றாலையைப் பூட்டி இழுத்துப்போகும் துறைமுகம் ஒன்று இருந்தால்கூட, குளிர்காலப் புயல் நாட்களைக் கழிக்காமலே, இருபது வருடம் ஆகும். இன்றைக்கு உலகம் முழுக்க ஓடும் மிதக்கும் காற்றாலைகளை எல்லாம் கூட்டினாலும் சில நூறு மெகாவாட்தான் வரும்.

அதனால் இந்தக் கரையில் இப்போது நடக்கும் உண்மையான வேலை துறைமுக வேலை. க்ரோமார்ட்டி ஃபர்த் என்ற கடற்கழியில் எழுபதுகளில் எண்ணெய் மேடைகள் கட்டிய நிக் துறை, இன்வர்கார்டன் துறை இரண்டும் காற்றாலைக்கு மாறுகின்றன. இன்வெர்னெஸ்ஸுக்குக் கிழக்கே ஆர்டெர்சியர் என்ற இடம் எண்ணெய் மேடைத் தளமாக இருந்து மூடப்பட்டு, இருபது வருடத்துக்கு மேல் மணல் மேவிக் கிடந்தது. அதைத் தூர்வாரி மீண்டும் எழுப்ப 2024-ல் அரசு வங்கிகள் இரண்டு சேர்ந்து 10 கோடி பவுண்டு கடன் தந்தன. அபர்தீன் தன் தெற்குத் துறைமுகத்தை 2023-ல் திறந்தது. எண்ணெய்த் தொழிலில் நங்கூரம் இறக்கியும் கடலடி ரோபோ ஓட்டியும் பழகிய கைகள் அந்த ஊரில் ஏராளம். எண்ணெய் வற்றிக்கொண்டே வரும் நேரத்தில், அந்தத் திறமை வீணாவதற்கு முன் இந்த வேலை வந்து சேரவேண்டும் என்பது அங்கே வெறும் பொருளாதாரக் கணக்கு அல்ல, ஊரின் வாழ்வு.

மீனவர் என்ன கேட்கிறார்கள்?

பீட்டர்ஹெட் மீனவர்களின் கவலை நியாயமானது, அதை நான் பாதி மனதோடு சொல்லவில்லை. ஊன்றும் காற்றாலைகளுக்கு நடுவில் சில இடங்களிலாவது படகு ஓட்டி மீன் பிடிக்கிறார்கள். மிதக்கும் காற்றாலையிலிருந்து சங்கிலிகள் பல நூறு மீட்டர், சில வடிவங்களில் ஒரு கிலோமீட்டர் வரை, சுற்றிலும் பரந்து போகும். கேபிள் தண்ணீரின் நடுவில் தொங்குகிறது. அடிமட்ட இழுவலையை அதற்குள் இழுக்க முடியாது. இழுத்தால் வலை போகும், படகும் போகலாம். அந்தப் பகுதி இழுவலைப் படகுக்கு ஏறக்குறைய மூடப்பட்ட கடல்.

வேறு வகை மீன்பிடிக்கு வழி இருக்கலாம். ஸ்காட்லாந்து அரசின் கடல் ஆய்வாளர்களும் ஈக்வினாரும் சேர்ந்து 2022-ல் ஹைவிண்டுக்குள் நண்டுக் கூண்டு, மீன் கூண்டு, தூண்டில் கயிறு ஆகியவற்றைப் பாதுகாப்பாகப் போட முடிகிறதா என்று சோதித்தார்கள். நிலையாகக் கிடக்கும் கூண்டுக்கு இது பொருந்தக்கூடும். பெரிய இழுவலைப் படகில் கடன் போட்டு முதலீடு செய்தவருக்கு அது பதில் ஆகாது. ஐந்து காற்றாலை என்றால் சுற்றிப் போய்விடலாம். ஆயிரம் என்றால் எந்தெந்த மீன்பாடுகள் போகும் என்பதை வரைபடத்தில் குத்தகைக் கோடு போடுவதற்கு முன்பே மீனவரோடு உட்கார்ந்து பேசியிருக்கவேண்டும். ஸ்காட்லாந்து மீனவர் சங்கங்கள் கேட்பதும் இதுதான்.

பங்கு பற்றிய கேள்வியும் உண்டு. நிலத்தில் காற்றாலை வைத்தால் மெகாவாட்டுக்கு ஆண்டுதோறும் 5,000 பவுண்டு அந்த ஊருக்குத் தரவேண்டும் என்று ஸ்காட்லாந்தில் ஒரு வழிகாட்டுதல் இருக்கிறது. கடலில் வைப்பதற்கு இப்படி ஒரு தொகை குறிக்கப்படவில்லை, எந்த ஊருக்கு என்றும் சொல்வது கடினம். லூயிஸ் தீவில் ஊர்மக்களே சொந்தமாக 9 மெகாவாட் காற்றாலை வைத்து, வருமானத்தை ஊருக்கே செலவழிக்கிறார்கள். கடல் காற்றாலையில் அப்படி ஒரு பங்கு கரையோர ஊர்களுக்குக் கிடைக்க வழி செய்வது அரசுகளால் முடியாத காரியம் இல்லை.

மின்தடமும் விலையும்

ஸ்காட்லாந்தின் வடக்கே மின்சாரம் அதிகம், ஆட்கள் குறைவு. ஆட்கள் இருப்பது தெற்கே, இங்கிலாந்தில். நடுவில் இருக்கும் மின்தடங்களுக்கு அவ்வளவையும் கடத்தும் திறன் இல்லை. அதனால் காற்று பலமாக வீசும் நாட்களில் வடக்கே காற்றாலைகளை நிறுத்தச் சொல்லிப் பணம் கொடுக்கிறார்கள், அதே நேரத்தில் தெற்கே எரிவாயு நிலையத்தை ஓட்டச் சொல்லியும் பணம் கொடுக்கிறார்கள். இரண்டும் மக்களின் கரண்ட் பில்லில் ஏறுகிறது. இதற்காகப் பீட்டர்ஹெட்டிலிருந்து யார்க்‌ஷயரின் டிராக்ஸ் வரை சுமார் 500 கிலோமீட்டருக்கு, பெரும்பகுதி கடலடியில், 2 கிகாவாட் கொண்டுபோகும் நேர்மின்னோட்டக் கேபிள் ஒன்றின் வேலை 2024-ல் தொடங்கியது. 2029-ல் முடிப்பதாகத் திட்டம். 27 கிகாவாட் குத்தகைக்கு இப்படி ஒன்று போதாது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

விலையில் இன்னும் தூரம் இருக்கிறது. ஐக்கிய அரசில் புதிய காற்றாலைக்கு ஏலம் வைத்து, ஒரு நிலையான விலையைப் பேசிக்கொள்வார்கள். சந்தை விலை அதைவிடக் குறைந்தால் வித்தியாசத்தை நிறுவனத்துக்குத் தருவார்கள், கூடினால் நிறுவனம் திருப்பித் தரவேண்டும். 2024 செப்டம்பரில் வந்த ஏல முடிவில், 2012-ன் விலைவாசிக் கணக்குப்படி, கடலடியில் ஊன்றும் புதிய காற்றாலைக்கு ஒரு மெகாவாட்-மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, 58.87 பவுண்டு. மிதக்கும் காற்றாலைக்கு 139.93 பவுண்டு. யூனிட்டுக்கு ஆறு பென்ஸ் எங்கே, பதினான்கு பென்ஸ் எங்கே. இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்த இடைவெளி குறையும் என்று நம்பக் காரணம் இருக்கிறது. ஊன்றும் காற்றாலையும் ஒரு காலத்தில் இதே விலைதான் கேட்டது. ஒரே மாதிரி மிதவையை நூற்றுக்கணக்கில் வார்த்தெடுக்கும் தொழிற்சாலையும், அதை இறக்கும் துறையும் வந்தபிறகுதான் விலை இறங்கும். ஆனால் விலை இறங்கினால்தான் தொழிற்சாலை வரும் என்று முதலீட்டாளர் காத்திருக்கிறார். இந்த முடிச்சைச் சந்தை தானாக அவிழ்க்காது, முதல் சில பண்ணைகளுக்கு அரசு கைகொடுத்தே ஆகவேண்டும் என்பது என் எண்ணம். ஜப்பானின் ஃபுகுஷிமா கடலில் 2013-லிருந்து மூன்று மிதக்கும் காற்றாலைகளையும் ஒரு மிதக்கும் துணைமின் நிலையத்தையும் நிறுத்திப் பார்த்து, கட்டுப்படியாகவில்லை என்று பின்னர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். அடுத்த பண்ணை எது என்று தெரியாமல் சோதனை மட்டும் செய்தால் கற்றது கையில் நிற்காது.

அந்த 139.93 பவுண்டு விலைக்கு ஏலம் எடுத்த திட்டத்தின் பெயர் கிரீன் வோல்ட். பீட்டர்ஹெட்டிலிருந்து 80 கிலோமீட்டர் தொலைவில், கைவிடப்பட்ட ஒரு எண்ணெய் வயல் இருந்த இடத்தில் 560 மெகாவாட்டுக்குத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதாவது ஹைவிண்ட் ஸ்காட்லாந்தைப்போல் ஏறக்குறைய பத்தொன்பது மடங்கு. அதன் மிதவைகளை எந்த நாட்டுக் கரையில் பூட்டுகிறார்கள் என்பதை வைத்து, ஆர்டெர்சியரிலும் நிக்கிலும் கொட்டிய பணத்துக்கு வேலை வந்ததா என்று சொல்லிவிடலாம்.